உப்பு லட்சுமியின் முகம்

ஒரு பொம்பளை என் லட்சுமியின் முகத்தில் பாத்தி கட்டிவிட்டாள் தம்பி. உப்பளத்தில் பாத்தி கட்டுவார்களே, சதுரம் சதுரமாக, அப்படி. நெற்றியில் ஒரு பாத்தி, கன்னத்தில் நாலு பாத்தி, மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். பதினெட்டாயிரம் காலண்டர். பதினெட்டாயிரத்திலும் அதே முகம். அவள் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவளுக்குத்தான் பெருமை.

காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்க. இந்தப் பை சீட்டுக்கு அடியில் போகணும். கனமாகத்தான் இருக்கும், காலண்டர் ஆல்பம் அல்லவா? போன வருஷத்து ஆல்பம். புதுசு ஆடிப் பதினெட்டு அன்றைக்குத்தான் பூஜை போட்டு வெளியே வரும், சிவகாசியில் அதுதான் வழக்கம். பழசை எதற்குச் சுமக்கிறேன் என்று கேட்காதீங்க. முப்பத்தொரு வருஷமாகத் தோளில் இந்தப் பை. இல்லாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

எதுவரைக்கும்? சாத்தூரா? சரி, அரை மணி நேரம் இருக்கிறது. உங்க மடியில் இருப்பது கம்ப்யூட்டர்தானே? நல்லதாகப் போயிற்று. நியாயம் உங்களுக்குப் புரியும்.

என் பேர் தவசிலிங்கம். ஆறாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்கப்புறம் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன், அச்சாபீசில் பேப்பர் அடுக்கினேன், மிஷின்காரனிடம் அடி வாங்கினேன். இருபத்தாறு வயதில் காலண்டர் ஏஜெண்ட். கன்னியாகுமரியிலிருந்து கரூர் வரைக்கும் நான் ஏறாத கடைப்படி கிடையாது. எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. எதிராளி என்ன சொன்னாலும் அதில் பாதிதான் நிஜம், மீதிப் பாதி நம்மைச் சோதித்துப் பார்க்கச் சொல்வது. “முடியாது” என்றால் “கொஞ்சம் பொறு” என்று அர்த்தம். “முடியவே முடியாது” என்றால் “இன்னொரு டீ சொல்லு” என்று அர்த்தம். இதை வைத்துத்தான் வீடு கட்டினேன், மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினேன்.

இந்த லட்சுமி சாதாரண லட்சுமி இல்லை. தாமரையில் உட்கார மாட்டாள். உப்பு அம்பாரத்தின் மேல் உட்கார்ந்திருப்பாள். பின்னால் உப்பளம், ஒரு காற்றாலை, இரண்டு கொக்கு. தூத்துக்குடியில் ஞானதுரை என்று ஒரு உப்பு முதலாளி. அவருடைய அப்பா காலத்தில் கோமதிநாயகம் என்கிற ஆர்ட்டிஸ்ட்டைக் கூட்டிக்கொண்டு போய், உப்பளத்திலேயே குடிசை போட்டுக் கொடுத்து வரையச் சொன்னது. உப்பும் லட்சுமிதானே? நாற்பது வருஷமாக அவர் கம்பெனி காலண்டரில் அதே படம்தான். மளிகைக் கடைக்காரர்கள் புது வருஷக் காலண்டர் வந்ததும் தேதியைக் கிழிக்கிற அட்டையைப் பார்க்க மாட்டார்கள், முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் சிரிப்பு மாறினால் அந்த வருஷம் யாவாரம் படுத்துவிடும் என்று நம்பிக்கை.

அந்த ஆர்டரை இன்னொரு ஏஜெண்டிடமிருந்து நான் பிடுங்கினேன். எட்டு மாசம் விடாமல் நடந்து பிடுங்கினேன். அதற்கப்புறம்தான் ஊரில் என்னை “உப்பு லட்சுமி ஏஜெண்ட்” என்று சொன்னார்கள். மற்ற ஆர்டரெல்லாம் அந்தப் பேரைக் கேட்டு வந்தவைதான். அந்தப் பேர் போனால் மீதி நான் வெறும் பைதான் தம்பி.

ஆர்ட்டிஸ்ட் செத்துப்போனார். அவர் வரைந்த அசல் அட்டையைக் கரையான் தின்றது. ஆனால் தின்பதற்கு முன்னாலேயே பெரிய மிஷினில் வைத்து ஸ்கேன் எடுத்து அச்சாபீஸ் கம்ப்யூட்டரில் போட்டிருந்தோம். டிஃப் ஃபைல். ஒரு புள்ளி விடாமல் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்குமாம். ஒரே படம் முந்நூற்று எண்பது எம்.பி. படமா அது, யானை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு யோசனை வந்தது. என் யோசனைதான், வேறு யாரும் உரிமை கொண்டாட முடியாது. கடைக்காரர்கள் எல்லாரும் “போன்ல அனுப்புங்க அண்ணாச்சி”, “வெப்சைட்ல இருக்கா அண்ணாச்சி” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அச்சாபீஸ் முதலாளியிடம் சொல்லி வெப்சைட் போட வைத்தேன். படங்களை ஏற்றினால் ஒரு படம் திறப்பதற்குள் கடைக்காரன் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்துவிடுவான். அதனால் எல்லாவற்றையும் சின்னதாக்கணும் என்று அவளிடம் போனேன்.

அவளா? அச்சாபீசில் கம்ப்யூட்டர் வேலை. சாத்தூர்க்காரி. பதினோரு வருஷமாகத் தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பொருளைப் பாராட்டினால் விலை ஏறிவிடும்.

“எல்லாத்தையும் ஜேபெக்கா மாத்திரலாம் அண்ணாச்சி. ரெண்டு எம்.பி.க்குள்ள கொண்டு வந்துருவேன்” என்றாள்.

“ரெண்டா? ஒண்ணுக்கு முடி.”

“ஒண்ணுன்னா பரவாயில்லை.”

பார்த்தீங்களா? உடனே இறங்கினாள். உடனே இறங்குகிறவர்களிடம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். “ஐந்நூறு கே.பி.” என்றேன். “சரி” என்றாள். “இருநூறு.” அதற்கும் தலையை ஆட்டினாள். “அம்பது” என்றேன்.

“அண்ணாச்சி, இது கத்தரிக்காய் இல்லை. அம்பதுக்கு வந்தா முகம் உடைஞ்சிரும்.”

“அப்போ நாப்பத்தெட்டு.”

மிஷின்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் எனக்கு விளக்கினாள். டிஃப் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும், ஜேபெக் கண்ணுக்குத் தெரிவது எது, போனாலும் தெரியாதது எது என்று பார்த்துத் தெரியாததை வெளியே எறிந்துவிடும். கொஞ்சம் எறிந்தால் யாருக்கும் தெரியாது. ரொம்ப எறிந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். “எறிஞ்சதைத் திரும்பப் பொறுக்க முடியாது அண்ணாச்சி” என்றாள்.

முப்பத்தொரு வருஷத்தில் “முடியாது” என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள்? இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். நீங்களே சொல்லுங்க, எனக்கு எப்படித் தெரியும், இவள் நிஜத்தைச் சொல்கிறாள் என்று?

இருநூற்றுப் பதினாலு படம். எல்லாம் நாற்பத்தெட்டு கே.பி. கண்ணை மூடித் திறப்பதற்குள் திறந்தது. போனில் பார்த்தால் லட்சுமி தங்கம் மாதிரி இருந்தாள். அந்த வருஷம் நான் போகாத ஊரிலிருந்தெல்லாம் ஆர்டர். அச்சாபீஸ் முதலாளி எனக்கு மாலை போட்டார். படத்தைச் சின்னதாக்கினது யாரோ, மாலை யாருக்கோ என்று அவள் பக்கத்து டேபிளில் சொன்னாளாம். சொல்லட்டும். யோசனை யாருடையது?

தை பிறந்தது. எங்கள் தொழிலில் தை பிறந்தால் ஒரு வேலை உண்டு. விற்காமல் கிடக்கிற பழைய காலண்டரை எல்லாம் கட்டிப்போட்டு எடைக்கு அனுப்பிவிட வேண்டும். தெய்வப் படமாச்சே என்று பார்க்கக் கூடாது, பார்த்தால் குடோனில் இடமே இருக்காது. அந்தச் சமயத்தில் இவள் வந்து, “அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல இடம் இல்லை, இன்னொரு டிஸ்க் வாங்கணும், முதலாளிகிட்ட சொல்லுங்க” என்றாள்.

“எதுக்கு? ஒரே படம் எதுக்கு ரெண்டு? சின்னது இருக்குல்ல, குண்டு குண்டா இருக்கறதை எல்லாம் தூக்கிப் போடு” என்றேன்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான்.”

“உப்பு லட்சுமியையுமா?”

“அவ என்ன ஆகாசத்துலயிருந்து குதிச்சவளா? தூக்கு.”

மூன்றாவது தடவையும் கேட்டாள். அது மட்டும் இல்லை தம்பி, “ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க அண்ணாச்சி” என்றாள். எழுதிக் கொடுக்கணுமாம்! எனக்கு ரத்தம் கொதித்தது. கன்னியாகுமரியிலிருந்து கரூர் வரைக்கும் வாய்ச்சொல்லில் யாவாரம் பண்ணுகிறவன் நான். “என் வாய்ல வந்தா அது பத்திரம் மாதிரி” என்றேன். சரி என்று போய் அழித்துவிட்டாள்.

அழிக்கச் சொன்னது நான்தான். இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? உங்களிடம் மறைக்கிறேனா?

ஏய், யாரப்பா அது பின்னால் சிரிக்கிறது? உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கேள்.

போன ஐப்பசி. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று பத்து நாள் லீவு. உப்பு லட்சுமி அச்சுக்குப் போக வேண்டிய நேரம். பத்து நாள் காத்திருக்க முடியுமா? வேறொரு பையனை உட்கார வைத்து, இருக்கிற படத்தை எடுத்துப் பெரிதாக்கி ஏற்றச் சொன்னேன். இருந்தது அந்த நாற்பத்தெட்டு கே.பி.தானே? சரிபார்க்க எனக்குப் போனில் அனுப்பினான். பார்த்தேன். போனில் நன்றாகத்தான் இருந்தது. “ஓட்டு” என்றேன். அந்தப் பத்து நாளில் அவள் இரண்டு தடவை போன் பண்ணினாள். நான் எடுக்கவில்லை. லீவில் போனவர்கள் எதற்குப் போன் பண்ணுவார்கள்? லீவை நீட்டிக்கத்தான்.

முதல் காலண்டர் கட்டைத் தூக்கிக்கொண்டு நானே தூத்துக்குடி போனேன். ஞானதுரை முதலாளி விரித்தார். சன்னலண்டை கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, எங்க லட்சுமிக்கு அம்மை போட்டிருக்கு?”

கணக்குப்பிள்ளை சிரித்தான். நான் இத்தனை வருஷத்தில் ஒரு கடையில் தலைகுனிந்து நின்றது கிடையாது தம்பி. முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். “இந்த வருஷம் காலண்டர் வேண்டாம்” என்றார். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. “வர்ற ஆடிப் பதினெட்டு ஆல்பத்துல பழைய முகம் இருந்தா நீங்க என் ஏஜெண்ட். இல்லைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கிடுதேன். வருத்தப்படாதீங்க, காபி குடிங்க” என்றார். குடித்தேன். அந்தக் காபியில் சீனி போட்டிருந்தார்களா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

திரும்பி வந்த அன்றைக்குத்தான் அவளும் லீவு முடிந்து வந்திருந்தாள். அச்சாபீஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். மிஷின்காரர்கள், பைண்டிங் பொம்பளைகள், டீக்காரர், இருபது பேராவது இருக்கும். “யாரைக் கேட்டு அழிச்சே?” என்று கத்தினேன்.

“அண்ணாச்சி, ஒரு நிமிஷம், எங்கிட்ட…” என்று ஹேண்ட்பேக்கைத் திறந்தாள்.

“ஒரு நிமிஷமாவது ஒண்ணாவது! யாரு அழிக்கச் சொன்னா?”

“நீங்கதான் சொன்னீங்க.”

“நானா? நான் சொல்லவே இல்லை!”

சொன்னேன்தான். ஆனால் அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? யாவாரத்தில் முதல் வார்த்தை “இல்லை”தான். அதற்கப்புறம் மெல்ல மெல்ல நடுவில் வந்து நிற்கலாம். அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அத்தனை பேரும் அழிக்கச் சொன்ன அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டவர்கள்தான், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஹேண்ட்பேக்கை மூடினாள். டிபன் பாக்ஸை எடுத்தாள். போய்விட்டாள். பதினோரு வருஷ வேலையை அப்படி விட்டுவிட்டுப் போகிறவள் என்ன பொம்பளை, சொல்லுங்க? எவ்வளவு திமிர் இருக்கணும்?

ஒரு மாசம் கழித்து பைண்டிங் மாடத்தி என்னிடம் வந்து காதில் சொன்னாள். அந்தப் பொண்ணு அன்றைக்கு எல்லாவற்றையும் அழிப்பதற்கு முன்னால், தன் காசில் ஒரு சின்ன டிஸ்க் வாங்கி, உப்பு லட்சுமியை மட்டும் அதில் ஏற்றி வைத்திருக்கிறாளாம். முந்நூற்று எண்பது எம்.பி.யும் ஒரு புள்ளி குறையாமல். “இருநூத்திப் பதினாலையும் வைக்க முடியலை, இவ ஒருத்தியாவது இருக்கட்டும்”னு சொன்னாளாம். வாசலில் நான் கத்தின அன்றைக்கு ஹேண்ட்பேக்கில் அதுதான் இருந்ததாம்.

பார்த்தீங்களா அநியாயத்தை? கையில் வைத்துக்கொண்டே என்னைக் கத்தவிட்டிருக்கிறாள்!

மாடத்தியையே தூது அனுப்பினேன். பதில் வந்தது. “அண்ணாச்சி எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். அன்னைக்கு எத்தனை பேர் நின்னாங்களோ, அத்தனை பேர் முன்னாடி, ‘அழிக்கச் சொன்னது நான்தான், இவ மேல தப்பு இல்லை’ன்னு சொல்லட்டும். அந்த நிமிஷமே கொடுத்துருதேன்.”

நான் விடுவேனா? பேரத்தை ஆரம்பித்தேன். தீபாவளிக்கு எடுத்த பட்டுச் சேலையை அனுப்பினேன், மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. பழைய வேலை, கூடுதல் சம்பளம் என்றேன். வேண்டாமாம். சரி, போனில் சொல்கிறேன் என்றேன். வேண்டாமாம். அவள் ஒருத்தியிடம் மட்டும் தனியாகச் சொல்கிறேன் என்றேன். வேண்டாமாம். எல்லார் முன்னாடியும் சொல்கிறேன், ஆனால் “நான் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்” என்று சொல்கிறேன் என்றேன். இதைவிட ஒரு மனுஷன் இறங்க முடியுமா? அதற்கு என்ன சொல்லி அனுப்பினாள் தெரியுமா?

“ரொம்பச் சுருக்காதீங்க அண்ணாச்சி, முகம் உடைஞ்சிரும்.”

திமிர். சுத்தத் திமிர். ஒரே விலை, குறைக்கவே மாட்டாளாம். இப்படி ஒரு ஆளை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

வேறு வழி பார்க்காமல் இருந்தேனா? மதுரையில் ஒருத்தர் புது மிஷின் வைத்திருக்கிறார், சின்னப் படத்தைக் கொடுத்தால் மிஷினே யோசித்துப் பெரிதாக்கித் தரும் என்றார்கள். கொடுத்தேன். தந்தது. கட்டம் இல்லை, பாத்தி இல்லை, பளபள என்று ஒரு முகம். ஆனால் அது வேறு யாரோ. பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். கொக்குக்கு மூன்று கால். ஞானதுரை முதலாளி பார்த்துவிட்டு, “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. யார் வீட்டுப் பொண்ணு?” என்று கேட்டார்.

நீங்க கம்ப்யூட்டர் படித்தவர், சொல்லுங்க. இந்த நாற்பத்தெட்டிலிருந்து அந்த முந்நூற்று எண்பதைத் திரும்ப எடுக்கவே முடியாதா? கொஞ்சம்கூடவா? …அவள் சொன்னதையேதான் நீங்களும் சொல்றீங்க. படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பேசி வைத்திருப்பீங்க போல.

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் பதினோரு நாள். ஆல்பத்தில் முதல் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். இன்றைக்குத் தூத்துக்குடி போய் முதலாளியிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்கணும். போன புதன்கிழமையும் அதற்குத்தான் போனேன். அதற்கு முந்தின புதனும்.

அதோ, பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிறான். பத்து நிமிஷம் நிற்கும். வெள்ளரிக்காய் வாங்குங்க, சாத்தூர் வெள்ளரிக்காய். இந்தாம்மா, கூறு எவ்வளவு? …சரி சரி, வை. குறைக்க வேண்டாம்.

அந்த நீலப் போர்டு தெரிகிறதா, டீக்கடைக்கு அடுத்து? ‘போட்டோக்களைச் சிறியதாக்கி இன்டர்நெட்டில் ஏற்றித் தரப்படும்’ என்று எழுதியிருக்கிறதே, அதுதான் அவள் கடை. என்னிடம் கற்றுக்கொண்ட தொழில். உள்ளே கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். இங்கேயிருந்து நன்றாகத் தெரியும். இந்தச் சீட்டிலிருந்துதான் நன்றாகத் தெரியும்.

என்ன கண்டக்டரே? இறங்குவதாவது? நான் எதற்கு இறங்கணும்? “ஆறு வாரமா பஸ்ஸுக்கே சொல்லிட்டீங்க அண்ணாச்சி, நாப்பது அடி நடந்து அங்கே சொன்னா என்ன?”வா? நீர் டிக்கெட்டைக் கிழியும். பஸ்ஸில் சொன்னது பஸ்ஸோடு. இங்கே இருக்கிறவர்கள் யார், என்னை அறிந்தவர்களா? அச்சாபீசில் இருக்கிற இருபது பேரும் நாளைக்கு என்னைப் பார்க்கிறவர்கள். அவர்கள் முன்னாடி தவசிலிங்கம் பின்வாங்கினான் என்று வந்தால், அப்புறம் எந்தக் கடையில் நான் விலை சொல்ல முடியும்?

தம்பி, கம்ப்யூட்டரை மறந்துவிடாதீங்க. இறங்கினதும் நேரே அந்தக் கடைக்குப் போங்க. அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னார் என்று சொல்லுங்க. கையில் வைத்துக்கொண்டு எட்டு மாசமாக ஒரு மனுஷனை இந்தப் பாடு படுத்துவது நியாயமா என்று கேளுங்க. லட்சுமி அவள் வீட்டுச் சொத்தா? லட்சுமி முகத்தைக் காப்பாற்றினவள் என் முகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா என்று கேளுங்க. இல்லை, அந்தக் கடைசி வரியைச் சொல்லாதீங்க. முதலில் சொன்னது போதும்.

பஸ் நகருகிறது, இறங்குங்க, பார்த்து! தம்பி! சன்னலண்டை வாங்க, இதை மட்டும் கேளுங்க. ஆடிப் பதினெட்டுக்குள் அந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அச்சாபீசுக்கு அவளே வரணும். அழிக்கச் சொன்னது நான்தான், சரி, ஆனால் அழித்த கை அவள் கைதானே? அவளே வந்து சரிபண்ணணும்! இருபது பேரும் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அங்கேதான் இருப்பார்கள் என்று சொல்லுங்க, நானும் இருப்பேன் என்று சொல்லுங்க. வரச் சொல்லுங்க தம்பி, வந்து சரிபண்ணச் சொல்லுங்க!